நூல்பிடிக்கு ஒரு வெண்கட்டிக் கோடு

கோணலைக் கண்டால் நித்திரை கொள்ளாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் பிறந்தார். அவர் எங்கள் பெரியகல்லாற்று நூல்பிடி. வாவிக்கரையில் சாய்ந்து நின்ற தென்னையைக்கூட இரண்டு நாள் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தவர்.

வேலி கட்டுவது அவர் தொழில். இடுப்பில் எப்போதும் ஒரு நூலுருண்டை இருக்கும். பட்டப்பெயர் வந்தது அதனால்தான். யாருடைய முகத்தையும் பாராமல் நூலைப் பார்த்தே பேசுவார். பின்னாலிருந்து தொட்டால் அடுத்த வீட்டு வளவுக்குள் போய்த்தான் நிற்பார். இப்போது அதை ஓட்டிசம் என்கிறார்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்தது, "அவர் அப்பிடித்தான்" என்ற ஒரு பேச்சு மட்டுமே.

சுனாமி அவருடைய தாயையும், அவர் கட்டிய வேலிகள் அத்தனையையும் ஒரே காலையில் கொண்டுபோனது. முகாமில் பக்கத்துக் கூடாரத்துக்காரி நான்தான் சோறு கொடுத்தேன். கூடாரங்கள் வரிசை தவறி நிற்கின்றன என்று ஒருநாள் முளைகளைப் பிடுங்கத் தொடங்கினார். மத்தியானம் ஒன்பது குடும்பம் சரிந்த கூடாரப் படங்குக்கு அடியில் கிடந்தது.

யுத்தம் முடிகிற காலம். வாகனங்கள் வளைந்து வளைந்து மெதுவாகப் போகட்டும் என்று சோதனைச் சாவடியில் பீப்பாய்களை இடமும் வலமுமாக வைத்திருந்தார்கள். நூல்பிடி போய், நூல் பிடித்து, எல்லாவற்றையும் ஒரே நேராக உருட்டி வைத்தார். இரண்டுதரம் துரத்தினார்கள். மூன்றாம்தரம் மறியல் சிறையில் அடைத்தார்கள். நூலுருண்டையை வாசலிலேயே பறித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சோற்றுப்பொதியோடு பார்க்கப் போனேன். காவலாளி தலையில் கை வைத்தான்.

"என்னகா ஒங்கட ஆள்! ஆள்க்கணக்கு எடுக்க விசில் ஊதினாக் காதப் பொத்திக் கத்துறார். தோளப் புடிச்சா ஓடுறார். எண்ணி முடியவே மத்தியானமாகுது. இனி ஒருக்கா ஓடினா இருட்டறைதான். எங்கட பெரியவர் சொல்லிட்டார்."

கூடாரத்தில் விளக்கு அணைந்தாலே அழுகிற ஆளுக்கு இருட்டறையா? சீருடையைக் கண்டால் எனக்கு என் பேரே மறந்துபோகும். அன்று சோற்றுப்பொதியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"ஊத முந்தி, 'ஊதப்போறன்' எண்டு சொல்லுங்க மனே. தொடாதீங்க. ஒரு நூல் மட்டும் குடுங்க."

"மறியலுக்குள்ள நூலா! கழுத்துல போட்டா ஆருகா பதில் சொல்ற?"

"அப்ப வெண்கட்டியால ஒரு கோடு?"

அவன் சிரித்தான். ஆனால் கீறினான்.

அடுத்த ஞாயிறு வாசலுக்கே ஓடிவந்தான். நூல்பிடி கோட்டில் முதல் ஆளாகக் குந்தினாராம். மற்றவர்களின் முழங்கால் ஒரு விரற்கடை வெளியே வந்தாலும், "உள்ள எடு!" என்றாராம். கொலை வழக்குக்காரனும் எடுத்தானாம். ஒருதரம் எண்ணியதுமே கணக்குச் சரி. இப்போது காவலாளிமார் சுடுசோறு சாப்பிடுகிறார்களாம்.

வழக்குத் தள்ளுபடியான அன்று அவன் முகம் வாடிப்போனது. "இவர விட்டுட்டு நாங்க என்னகா செய்ற? இன்னொருக்கா பீப்பாய உருட்டச் சொல்லுங்க."

திரும்பும் வழியில் அதே சாவடி. பஸ்ஸிலிருந்து இறக்கி நடக்கவிட்டார்கள். பீப்பாய்கள் பழையபடி கோணலாக நின்றன. நூல்பிடியின் விரல்கள் துடிக்கத் தொடங்கின. துவக்கு ஏந்திய சிப்பாய்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"தம்பி, கையப் புடிக்கப்போறன்" என்று நூல்பிடியிடம் முந்தியே சொன்னேன்.

யோசித்தார். பிறகு பீப்பாய்ப் பக்கம் பாராமல், ஒரே ஒரு விரலை நீட்டினார்.

சாவடியை எடுத்து எவ்வளவோ காலம். அந்த விரலை நான் இன்னும் விடவில்லை.