லைல் காட்டேரியான வாரம்

ஆவி பறந்த மாட்டிறைச்சித் தட்டை லைல் தள்ளி வைத்ததும், கோரின் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து தன் கணவன் தட்டில் எதையும் மிச்சம் வைத்து அவள் பார்த்ததில்லை.

"என் பசி வேற மாதிரி, கோரின்" என்றான் லைல், குரலைத் தாழ்த்தி.

"வயித்துப்போக்கா?"

லைலுக்கு அபர்டீன் என்ற ஊரில் மரம் அறுக்கும் ஆலையில் வேலை. கோரினுக்குச் சில மாதங்களாக, ரத்தம் குடிக்கும் காட்டேரி காதலனாக வரும் நாவல்கள் என்றால் பைத்தியம். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை நெஞ்சில் கவிழ்த்துக்கொண்டு, "இப்படி ஒருத்தன் போதாதா ஒரு பொண்ணுக்கு" என்று அவள் பெருமூச்சு விட்டது அவன் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து லைலுக்கு நிம்மதி போயிற்று. அவளுக்குத் தெரியாமல் அந்தப் புத்தகங்களை எடுத்து, காட்டேரி வரும் பக்கங்களை மட்டும் தேடித் தேடிப் படித்தான்.

படிப்பது ஒன்றும் சிரமமாக இல்லை. ஒன்றைப் படித்தால் எல்லாவற்றையும் படித்த மாதிரிதான். நிற்காமல் மழை பெய்யும் ஊர். சமதரையிலும் தடுக்கி விழும் பெண். சுண்ணாம்பு அடித்தது போன்ற காட்டேரி. முன்னூறு வயதாகியும் பள்ளிக்கூடத்தை விட்டுப் போக மனம் வராதவன். அவன் சாப்பிடமாட்டான். அவள் தூங்கும்போது முறைத்துப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவள் போலீஸைக் கூப்பிடுவதற்குப் பதிலாகக் காதலிப்பாள். "விலகிப் போ" என்று அவளிடம் சொல்லிவிட்டு அவன் அங்கேயே நிற்பான். பாதிப் புத்தகத்தில் அவள் நன்மைக்காக ஊரை விட்டே போவான். கடைசியில் திரும்பி வருவான், கல்யாணம்.

மழைக்கு அபர்டீனில் பஞ்சமில்லை. மற்றதை லைல் பார்த்துக்கொண்டான்.

காட்டேரிகளுக்கு நெஞ்சில் ஒரு முடிகூட இல்லை என்பதால் தன் நெஞ்சை மழித்தான். அது செக்கச்செவேல் என்று தடித்துப்போனது. மறைக்கப் பவுடர் பூசினான். எந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், ஏன் தன்னிடம் மறைக்கிறான் என்று கோரின் துளைத்தெடுத்தாள்.

அவள் தூங்கும்போது கட்டில் ஓரம் நின்று பார்த்தான். கண் விழித்தவள் மேஜை விளக்கை எடுத்து வீசினாள். அதன்பிறகு அடுத்த அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தாள்.

இனி வசனம்தான் காப்பாற்றும் என்று நினைத்தான் லைல். நெற்றியில் பிளாஸ்திரியோடு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டு சொன்னான்: "என்னை விட்டு விலகிப் போயிடு, கோரின். நான் உனக்கு ஏத்தவன் இல்ல."

கோரின் அவன் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"யாரு அவ?" என்றாள்.

இந்தக் கேள்வி எந்தப் புத்தகத்திலும் வரவில்லை. பாதிப் புத்தகம் வந்துவிட்டதாக முடிவு கட்டி, அவள் நன்மைக்காகவே லைல் கடற்கரைச் சாலையில் ஒரு விடுதிக்குப் போய்விட்டான். அங்கே பட்டினி கிடந்தான். அவளில்லாமல் இருப்பு கொள்ளவில்லை. கடைசி அத்தியாயம் வரை காத்திருக்க முடியாமல் வீடு திரும்பியபோது கதவு பூட்டியிருந்தது. தன் சாவியால் திறந்து பார்த்தால், அலமாரியில் அவள் துணிகள் இல்லை.

கோரினின் அக்கா மேக்சின் வீட்டுக்கு ஓடினான். கதவைத் திறந்த மேக்சின் அவனை உள்ளே விடவில்லை. தங்கை மாடியில் அழுதுகொண்டிருப்பதாகவும், வக்கீலிடம் பேசியாகிவிட்டதாகவும் சொன்னாள். மழையில் நனைந்தபடி, பவுடர் கழுத்தில் வழிய, லைல் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தான். அவளுக்குப் பிடித்த அந்தக் காட்டேரியாகத்தான் மாறப் பார்த்தேன், வேறு ஒருத்தியும் இல்லை என்றான்.

மேக்சின் அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"அட மடையா, காட்டேரியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது, அந்தக் கதைல எல்லாம் ஓநாய் மனுஷன் ஒருத்தன் வருவானே, உடம்பெல்லாம் முடி, வயிறு முட்டத் தின்பான், பக்கத்துல படுத்தா அடுப்பு மாதிரி சூடு, அவனுக்காகத்தான் படிக்கிறா, அச்சு அசல் உன்னை மாதிரியே இருக்கானாம்."