வெர்மாட்டிடம் தோற்றவர்

தோற்றவர்களில் இரண்டு ரகம் உண்டு. தோற்ற கையோடு சந்து பொந்து பார்த்து வீடு வந்து சேர்ந்து, யாராவது கேட்டால் "மழை வந்துடுச்சுபா, ஆட்டமே நடக்கல" என்று சமாளிக்கிற அப்பாவிகள் முதல் ரகம். பாவம், அவர்களை விட்டுவிடுங்கள். நாம் பார்க்கப்போவது இரண்டாவது ரகத்தை, அதாவது பெரிய ஆளிடம் தோற்றவரை. இவர் தம் தோல்வியை மறைக்கவே மாட்டார். அதைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, மடியில் உட்காரவைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவார்.

காஞ்சிபுரம் ராஜவேலு இந்த ரகத்தில் முதல் தரம். டென்னிஸ் ஆட்டக்காரர், பொழுதுபோக்குக்கு அல்ல, தொழிலே அதுதான். உலகத் தரவரிசையில் அவருக்கும் ஓர் இடம் இருந்தது. எந்த இடம் என்று கேட்காதீர்கள். அத்திவரதரைப் பார்க்கும் வரிசையில், கோபுரமே கண்ணில் படாத தூரத்தில் நின்றவர்களுக்கு அந்த இடம் தெரியும். ஆனாலும் வரிசையில்தான் நிற்கிறோம் என்று ஒரு ஆறுதல் இருக்குமல்லவா? அந்த ஆறுதலில்தான் அவர் காலம் ஓடியது. ஊர் ஊராக ரயிலேறிப் போவார், முதல் சுற்றில் தோற்பார், அடுத்த ரயிலில் திரும்புவார். மட்டைக்கு நரம்பு கட்டுவதும் அவரேதான். வாசலில் உட்கார்ந்து அவர் குறுக்கும் நெடுக்குமாக நரம்பு இழுப்பதைப் பார்த்து, எதிர்வீட்டுத் தறிக்காரர் தணிகாசலம், "பாவு, ஊடை எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஜரிகை எப்பப்பா போடப்போற?" என்று கேட்காத நாள் கிடையாது.

இப்படிப்பட்டவருக்கு ஊரில் எப்படி மரியாதை வந்தது? எல்லாம் வெர்மாட் போட்ட பிச்சை. பெல்ஜியத்துக்காரர் லூகாஸ் வெர்மாட் மீசை முளைக்கிற வயதில் புனேவுக்கு வந்து, நம்மவரை 6-1, 6-2 என்று துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனார். போனவர் சும்மா இருக்கவில்லை, மளமளவென்று மேலே ஏறினார். அவர் பாரிஸில் ஒரு சுற்று தாண்டினால் ராஜவேலு பஸ் ஸ்டாண்டில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். அவர் டிவியில் வந்தால் ராஜவேலு பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பரிசு வழங்கினார். அவர் உலகின் முதல் ஐம்பது பேருக்குள் நுழைந்த மாதம் வாலாஜாபாத் ரைஸ்மில் வரதராஜன் தம் மகள் தேவிப்ரியாவை ராஜவேலுவுக்கே கட்டிக்கொடுத்தார். கல்யாண ஃபிளெக்ஸில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வெர்மாட்டும் சிரித்தார். ராஜவேலு வாயில் அந்தப் புனே ஸ்கோரும் சும்மா இருக்கவில்லை. நிச்சயதார்த்தத்தில் 6-4 ஆனது, தாலி கட்டும்போது டைபிரேக்கருக்குப் போனது, முதல் குழந்தை பிறந்தபோது நடுவரே கண் தெரியாதவர் என்று முடிவானது.

வெர்மாட்டுக்குப் பெரிய ஆட்டம் வந்தால் ராஜவேலு குமரகோட்டம் முருகன் கோயிலில் அர்ச்சனைத் தட்டோடு நிற்பார்.

"பேரு?" என்பார் குருக்கள்.

"லூகாஸ் வெர்மாட். அவிட்ட நட்சத்திரம்."

"கோத்திரம்?"

"பெல்ஜியம், சாமி."

குருக்கள் எத்தனையோ பார்த்தவர். சிவ கோத்திரம் என்று சேர்த்துக்கொண்டு, "உங்க பேருக்கு?" என்பார்.

"அவர் ஜெயிச்சா போதும் சாமி. நான் தானா மேல வந்துடுவேன்."

முருகன் கொஞ்ச நாள் கேட்டார். பிறகு வெர்மாட்டின் முழங்கால் கேட்கவில்லை. அறுவை சிகிச்சை, ஓய்வு, மறுபடி அறுவை சிகிச்சை என்று சரிந்து சரிந்து, இந்த வருடம் சென்னையில் நடந்த ஒரு சின்னப் போட்டிக்கு வந்து சேர்ந்தார். முதல் சுற்றில் அவருக்கு எதிரே யார்? நம்ம ராஜவேலுவேதான்.

இதில் ஒரு சிக்கல். ராஜவேலு போன வருடம் தப்பித்தவறி வாங்கிய ஒரே ஒரு தரவரிசைப் புள்ளிக்கு அந்த வாரத்தோடு ஆயுள் முடிந்தது. ஜெயித்தால் பட்டியலில் இருக்கலாம். தோற்றால் பேரே இருக்காது. அதாவது கோபுரம் தெரியாத அந்த வரிசையிலிருந்துகூட அவரை வெளியே அனுப்பிவிடுவார்கள். இதைத் தேவிப்ரியாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். ஊருக்கு வேறு கவலை. வேன் பிடித்து மொத்தத் தெருவும் கிளம்பியது, வெர்மாட்டைப் பார்க்க. மாமனார் வரதராஜன் பட்டில் பொன்னாடை எடுத்துவந்தார், அதுவும் வெர்மாட்டுக்குத்தான்.

மைதானத்தில் இறங்கிய வெர்மாட்டைப் பார்த்ததும் வேன் கூட்டத்துக்கு மூச்சே நின்றது. லேசான தொப்பை, முழங்காலில் பெரிய கட்டு, ஒரு பந்துக்கு ஓடினால் அடுத்த பந்துக்கு மூச்சு வாங்கினார்.

"இவனா அவன்? இவனப் பத்தியா இத்தினி வருசமா பேசிக்கினு இருந்தாரு?" என்றார் தணிகாசலம், அடுத்த மைதானத்துக்கே கேட்கிற மாதிரி.

ராஜவேலு ஜெயித்துக்கொண்டே போனார். ஜெயிக்க ஜெயிக்க மாமனார் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஒரு புள்ளி பாக்கி. சர்வீஸ் ராஜவேலுவுடையது. பந்தைத் தட்டிக்கொண்டே நின்றவருக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த ஒரு பந்தைப் போட்டால் வெர்மாட் வெறும் நொண்டி, தாம் நொண்டியை ஜெயித்த ஆள். கல்யாணம், ஆண்டு விழா, ஃபிளெக்ஸ் எல்லாம் ஒரே பந்தில் காலி. இரண்டு சர்வீஸும் வலையில் போய் விழுந்தன.

கேலரியில் ஒரே ஒருவர் கை தட்டினார். மாமனார்.

அந்தக் கைதட்டல்தான் ராஜவேலுவைக் கிளப்பிவிட்டது. அவருக்கு வந்தது கோபம் மட்டுமல்ல, அழுகையும்தான். அடுத்த வாய்ப்பு வந்ததும் அவர் போட்ட சர்வீஸை வெர்மாட் பார்க்கக்கூட இல்லை. ஆட்டம் முடிந்தது. வெர்மாட் நொண்டிக்கொண்டே வலைக்கு வந்து கை கொடுத்துவிட்டுப் போனார். புனேவில் ஒருத்தனைத் துவைத்தது அவருக்கு ஞாபகமே இல்லை.

திரும்பும் வேனில் எழவு வீட்டு அமைதி. பொன்னாடை மாமனார் மடியில் மடித்தபடியே கிடந்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் அவர் தொண்டையைச் செருமினார்.

"மாப்ள, நாளைக்கி யாரோட ஆட்டம்? பெரிய ஆளா?"

"ஆமா மாமா. போட்டியிலயே அவன்தான் நம்பர் ஒன்."

"அப்பாடா!" என்றார் வரதராஜன். வேன் முழுக்க உயிர் வந்தது. யாரோ பாட்டுப் போட்டார்கள்.

தேவிப்ரியா மட்டும் கணவர் பக்கம் திரும்பி, "என்னாங்க, கடைசி பந்து எப்படிப் போட்டீங்க? பயத்துல நான் கண்ண மூடிக்கினு இருந்தேன். சொல்லுங்களேன்" என்றாள்.

ராஜவேலு வாயைத் திறந்தார். தோற்றதை, கேட்பவர் கொட்டாவி விட்ட பிறகும் விடாமல் சொல்லத் தெரிந்த மனிதருக்கு, ஜெயித்ததை எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "சும்மா... தூக்கிப் போட்டு அடிச்சேன்மா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். உங்களோடு பரீட்சை எழுதி, உங்களை முந்திக்கொண்டு கலெக்டரான அந்த மனிதரைப் பற்றி, "ரெண்டே மார்க்குபா, இல்லைன்னா நான்தான்" என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்? அவர் பேப்பரில் வந்தால் வெட்டி எடுத்து வாட்ஸாப்பில் போடுவது யார்? இருக்கட்டும். இன்று சாப்பிடும்போது வீட்டில் யாராவது, நீங்களே ஜெயித்த கதை ஒன்றைச் சொல்லச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? அவசரமில்லை, யோசித்தே சொல்லுங்கள்.