பெண் பார்க்கப் போய் பால்கனியைப் பார்த்த கதை

பல் டாக்டர் முன்னால் வாய்விட்டுச் சிரிக்கக் கூடாது. துரு இன்ஜினீயரைப் பால்கனியில் நிற்கவைக்கக் கூடாது. நான் இரண்டாவது ரகம். வங்காளத்தில், கார்டன் ரீச் கப்பல் பட்டறைக்குப் பழுதுபார்க்க வரும் கப்பல்களின் இரும்பை உப்புத் தண்ணீர் எவ்வளவு தின்றிருக்கிறது என்று சொல்வது என் பிழைப்பு. கருவிகள் ஆயிரம் வந்துவிட்டாலும் முதல் சோதனை சுத்தியலால் தட்டிப் பார்ப்பதுதான். நல்ல இரும்பு 'டங்' என்னும். அரித்துப்போனது 'டொக்' என்னும். 'டொக்' கேட்டால் எனக்கு லாட்டரி விழுந்த மாதிரி. (டாக்டரிடம் காட்டலாமா என்று அம்மா யோசித்ததுண்டு.)

முதலில் பார்க்கப் போன பெண்ணுக்குக் கப்பலின் அடித்தகடு எப்படி அரிக்கும் என்று காபி ஆறும்வரை விளக்கினேன். அந்தச் சம்பந்தமும் ஆறிப்போனது. அதனால் அடுத்த பெண்ணைப் பார்க்க லேக் கார்டன்ஸ் போகும்போது அம்மா டாக்ஸியிலேயே சத்தியம் வாங்கினாள்.

"துருன்னு ஒரு வார்த்தை வாயில வரப்படாது. புரியறதா?"

"பேசவே மாட்டேம்மா."

வாக்கைக் காப்பாற்றினேன், பால்கனி வரைக்கும்.

சித்ரா பாலிகஞ்சில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். கேசரித் தட்டை வைத்துவிட்டு, "சர்க்கரை கம்மிதான். குறை சொல்றதுன்னா என்கிட்டயே சொல்லுங்கோ, நான்தான் பண்ணினேன்" என்றாள். அங்கேயே விழுந்துவிட்டேன். இவள்தான், இவளை விட்டால் சந்நியாசம்தான் என்று முடிவே கட்டிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அவள் அப்பா, வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், "பால்கனிக்கு வாங்கோ, காத்து நன்னா வரும்" என்று அழைத்துப்போனார்.

பச்சைப் பெயிண்ட் அடித்த கைப்பிடிக் கம்பி. வருஷா வருஷம் துர்கா பூஜைக்கு ஒரு பூச்சு என்று கேக் மாதிரி அடுக்கடுக்காக ஏறியிருந்தது. அடியில், கம்பி சிமென்டுக்குள் நுழையும் இடத்தில், சின்னதாக ஒரு கொப்புளம். எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. கை தானாகப் பாக்கெட்டுக்குள் போய் வீட்டுச் சாவியை எடுத்தது.

டொக்.

ஆஹா! பக்கத்துக் கம்பி. டொக். அதற்கும் பக்கத்தில். டொக்! (கச்சேரியில் தொடை தட்டுகிறவர்களுக்கு என் நிலைமை புரியும்.)

"மாமா! உள்ள இரும்பே இல்ல மாமா! வெறும் பெயிண்ட்தான் நிக்கறது!"

சொன்னதை நிரூபிக்க வேண்டாமா? லேசாக ஒரு தள்ளு. கைப்பிடி மொத்தமாகப் பெயர்ந்து, இரண்டு மாடி இறங்கி, கீழ்வீட்டு வங்காள மாமி, எல்லோருக்கும் மாஷிமா, முற்றத்தில் காயவைத்திருந்த போரித் தட்டின் மேல் உட்கார்ந்தது. (போரி என்பது பருப்பை அரைத்துக் கிள்ளிவைக்கும் வங்காள வடாம். இனி அரைக்கத் தேவையில்லாத அளவுக்கு நான் அரைத்திருந்தேன்.)

"ஓரே பாபா! பூமிகொம்போ!" என்று மாஷிமா தெருவுக்கே பூகம்பம் அறிவித்தாள்.

"காலம் காலமா இதுல சாஞ்சுண்டுதான் பேப்பர் படிக்கறேன்! ஒண்ணும் ஆகல. நீங்க தொட்டேள், போச்சு!" என்றார் பெண்ணின் அப்பா. அம்மா எழுந்து செருப்பைத் தேடினாள். (கிளம்பவா, என்னை அடிக்கவா என்று இன்றுவரை கேட்கத் தைரியம் வரவில்லை.)

சித்ரா ஓடிவந்தாள். மிச்சமிருந்த கம்பியின் கட்டையை நகத்தால் சுரண்டினாள். பிஸ்கட் தூள் மாதிரி உதிர்ந்தது.

"அப்பா, இன்னிக்குச் சாயங்காலமும் இதுல சாஞ்சிருப்பியோன்னோ?"

அவர் கீழே எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தன் நாற்காலியை மெதுவாகச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் கேசரி போடு."

புதுக் கைப்பிடி போட்ட பிறகுதான் நிச்சயதார்த்தம். இன்றும் யார் வீட்டுக்குப் போனாலும் வாசலிலேயே சித்ரா கையை நீட்டுவாள். சரணடையும் கொள்ளைக்காரன் மாதிரி சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுத்தான் நான் உள்ளே போகலாம். எங்கள் பெண் (பேச்சில் கால் தமிழ், முக்கால் வங்காளம்) விருந்தாளிகளுக்கு இந்தக் கதையை 'டொக்' உட்பட நடித்துக் காட்டுவாள்.

இந்தக் குளிர்காலத்தில் மாஷிமா தன் வாசற்படிக் கம்பி ஆடுகிறதென்று கூப்பிட்டனுப்பினாள். "ஜாமாய், ஏக்டு தேக்கோ தோ!" மாப்பிள்ளை, கொஞ்சம் பாரேன் என்று அர்த்தம். பறந்து போனேன். அவள் முதலில் போரித் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்து, கதவைத் தாழ் போட்டாள். அதற்கப்புறம்தான் தன் சாவியை என் கையில் கொடுத்தாள்.