ஏழாம் எண் இடத்தில் கரடி

இந்தக் காலத்தில் ஆட்கள் எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்டிவிடுகிறார்கள். பெட்ரோல் போடும் இடத்தில் பக்கத்தில் நிற்பவன் "எந்த ஊர்?" என்று கேட்டால் போதும். ஊர், பேர், இடுப்பு ஆபரேஷன், வீடு இன்னும் எத்தனை நாள் பூட்டிக் கிடக்கும் என்பதுவரை ஒப்பித்துவிடுவார்கள். கேட்டவன் யார், எதற்குக் கேட்டான் என்று யோசிக்கிற புத்தி எவனுக்கும் இல்லை.

வெர்லின் ஹாகனுக்கு அந்தப் புத்தி இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அன்று காலை நாரை ஏரி முகாமில் ஓர் இடமும் காலியில்லை. மொன்டானா மாநிலத்தில் கோடை என்றால் அப்படித்தான். அந்த முகாமில் முன்பதிவு கிடையாது, முந்தியவனுக்கு இடம். கிளம்புகிறவன் கூடாரத்தைச் சுருட்டும்வரை அடுத்தவன் பிணத்தைச் சுற்றும் கழுகு மாதிரி சுற்ற வேண்டியதுதான். வெர்லின் காபிக் குடுவையைக் கையில் பிடித்தபடி நடந்தே சுற்றிக்கொண்டிருந்தார். மனைவி ஆர்டிஸ், படகு இறக்கும் துறை ஓரம் நிறுத்தியிருந்த வீட்டுவண்டியில் உட்கார்ந்திருந்தாள்.

கட்டிலும் அடுப்பும் கழிவறையும் உள்ளேயே இருக்கும் அந்த வண்டிக்கு இது கடைசிப் பயணம். ஊருக்குத் திரும்பியதும் அது வேறொருவர் கைக்குப் போகிறது. ஆர்டிஸின் இரண்டு முழங்கால்களும் போய்விட்டன. வண்டியை விட்டு இறங்கினால் ஏற்றிவிட ஆள் வேண்டும். அவள் கேட்டது ஒன்றுதான்.

"கதவைத் திறந்தா ஏரி தெரியணும், வெர்ன். இத்தனை மைல் வந்து அடுத்தவன் வண்டியோட பின்பக்கத்தைப் பாத்துட்டு நான் வீடு திரும்பமாட்டேன்."

ஏரி இருந்த அரசுப் பூங்காவின் வாசலுக்கு வெளியே தனியார் முகாம்கள் இருந்தன. முதலாவதில் வங்கி அட்டை எண்ணைப் போனில் சொல்லச் சொன்னார்கள். வெர்லின் போனை வைத்துவிட்டார். இரண்டாவதில் சொந்தக்காரன் சிரித்துக்கொண்டே ஓடிவந்து கைகொடுத்தான். காரணமில்லாமல் சிரிப்பவன் இடத்தில் கண்ணை மூடித் தூங்க முடியுமா? மூன்றாவதில் சந்தையில் மாடு கட்டுகிற மாதிரி வண்டிகளை நெருக்கி நிறுத்தியிருந்தார்கள். அவற்றுக்கிடையில் ஏரியாவது, தெரிவதாவது.

எல்லாவற்றையும் கழித்துக்கட்டிய பிறகு மிஞ்சியது நாரை ஏரி.

இங்கே கண்ணுக்குப் பிடித்த இடம் ஏழாம் எண். தண்ணீருக்குப் பக்கத்தில், மலைக்கு நேர் எதிரே. அதில் ஓர் இளைஞன் ஒரே ஒரு சின்னக் கூடாரத்தைப் போட்டுக்கொண்டு, மடக்கு நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தான். தாடி. காலடியில் ஒரு கறுப்பு நாய். பெரிய வண்டி நிற்கக்கூடிய இடத்தில் குடையளவு கூடாரம்.

"கிளம்பறியா, தம்பி?"

"இல்லீங்க ஐயா." அவன் எழுந்து நின்றான். "நீங்க எந்தப் பக்கத்துலேர்ந்து வர்றீங்க?"

வெர்லினுக்கு உடனே முதுகு நிமிர்ந்தது. "ஏன் கேக்கற?"

"சும்மாதான்."

"டெக்ஸாஸ்."

அவன் முகம் தொங்கிப்போனது. "ஓ. வீட்டுவண்டியிலயா வந்தீங்க?"

"கழுதைமேல வந்தேன். நீ என்ன போலீஸா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல. தனியாவா வந்தீங்க?"

தனியாக வந்திருக்கிறாயா என்று கேட்கிறான்! இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"கூட என் அஞ்சு பிள்ளைங்க இருக்கானுங்க. எல்லாரும் மல்யுத்தக்காரனுங்க. நீ எப்ப இடத்தைக் காலி பண்ணுவ?"

இளைஞன், முகாமைக் கண்காணிக்கும் ரேஞ்சரின் குடிலைத் திரும்பிப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "சாயங்காலம் காலி பண்ணலாம். பண்ணாமலும் போகலாம். சில பேர் வர்றதைப் பொறுத்தது."

"எந்தச் சில பேர்?"

"அதைச் சொல்லக்கூடாதுங்க."

வெர்லின் வண்டிக்குத் திரும்பினார். ஆர்டிஸ் மடியில் பின்னலோடு உட்கார்ந்திருந்தாள்.

"இடம் கிடைச்சுதா?"

"கிடைச்ச மாதிரிதான்."

"கிடைச்ச மாதிரின்னா கிடைக்கலைன்னு அர்த்தம். கரீன் போன்ல சொன்னாளே, நாரை ஏரிக்குப் போங்க, இடம் கிடைக்கும்னு."

"உன் பொண்ணு ஆஸ்பத்திரியில ஊசி போடறவ. ஏரியைப் பத்தி அவளுக்கு என்ன தெரியும்?"

அப்போது பஸ் நீளத்தில் ஒரு வெள்ளி நிற வீட்டுவண்டி அவர்களைத் தாண்டி ஊர்ந்து போனது. அதை ஓட்டிவந்தவர் ஏழாம் எண்ணுக்கு எதிரே நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, ஏரியைப் பார்த்து, நாக்கைச் சப்புக்கொட்டினார். சாயங்காலம்வரை காத்திருந்தால் அவ்வளவுதான்.

அவர் நேராக ரேஞ்சர் ட்ரூடியின் குடிலுக்குப் போனார். ட்ரூடி நாற்பது வயதுக்காரி. அகலத் தொப்பி, வெயிலில் சிவந்த மூக்கு.

"மேடம், ஏழாம் நம்பர்ல ஒரு பையன் வேற யாருக்கோ இடம் பிடிச்சு வெச்சிருக்கான். சட்டப்படி அது தப்புதானே?"

"பெரிய தப்பு." ட்ரூடி தொப்பியைச் சரிசெய்தாள். "தூங்கப் போறவங்கதான் உக்காரணும். அடுத்தவங்களுக்குப் பிடிச்சு வெச்சா அப்பவே வெளியேத்திடுவேன். வாங்க."

வெர்லின் ஒரு பைன் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார். ட்ரூடி இளைஞனிடம் போய் விரலை நீட்டிப் பேசினாள். அவன் தலையை ஆட்டினான், கையை ஆட்டினான், கடைசியில் நெஞ்சில் கையை வைத்தான். அவள் திரும்பி வந்தாள்.

"தனக்குத்தான்னு சத்தியம் பண்றான். இன்னைக்கு ராத்திரியும் இங்கதான் தூங்குவானாம்."

"சாயங்காலம் போறேன்னு என்கிட்ட சொன்னானே!"

"இப்ப போக முடியாது. யாருக்காவது கைமாத்தி விட்டா அபராதம்னு சொல்லிட்டேன். ராத்திரி விளக்கோட வந்து பாப்பேன்னும் சொல்லிட்டேன். நீங்க சொன்னது நல்லதாப் போச்சு சார். உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா போதும்."

சாயங்காலம் காலியாகியிருக்க வேண்டிய இடத்துக்கு வெர்லின் தன் கையாலேயே பூட்டுப் போட்டுவிட்டார்.

மத்தியானம் ஆர்டிஸ் ரொட்டியில் பன்றித்தொடைக்கறி வைத்துக் கொடுத்தாள். அவர் மென்றுகொண்டே வெளியே பார்த்தார். ஜன்னல் வழியே அறிவிப்புப் பலகை தெரிந்தது. அதில் ஒரு கரடிப் படம். கீழே பெரிய எழுத்தில் எச்சரிக்கை: கரடி நடமாட்டம் இருந்தால் துணிக்கூடாரங்களுக்கு அனுமதி இல்லை, சுவர் கெட்டியான வண்டிகள் மட்டும் தங்கலாம்.

வெர்லின் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்ன வெர்ன், மூஞ்சி இப்படி மாறுது? நெஞ்சு கரிக்குதா?"

"கொஞ்சம் நடந்துட்டு வர்றேன்."

குடிலில் ட்ரூடி சூப் குடித்துக்கொண்டிருந்தாள். வெர்லின் மூச்சு வாங்குவது போல் நின்றார். பாதி நடிப்பு, பாதி நிஜம்.

"மேடம், கரடி."

சூப் கரண்டி கீழே போனது. "எங்க?"

"ஏழாம் நம்பருக்குப் பின்னால."

"கறுப்பா, பழுப்பா?"

எது சின்னது, எது பெரியது என்று யோசிக்க நேரமில்லை. "பழுப்பு."

"தோள்ல திமில் இருந்துதா? ஆளைக் கொல்ற ஜாதிக்குத்தான் அது இருக்கும்."

"இருந்த மாதிரி."

"மாதிரியெல்லாம் கூடாது சார். இருந்துதா, இல்லையா?"

"இருந்துது. நல்லாவே இருந்துது."

ட்ரூடியின் சிவந்த மூக்கு வெளுத்தது. "மனுஷங்களைப் பாத்து பயந்து ஓடுச்சா?"

ஓடிவிட்டது என்றால் விட்டுவிடுவாள். "எங்க ஓடுச்சு? கூடாரத்தை மோந்து பாத்துச்சு. ஒரு கயித்தைக் கடிச்சு இழுத்துச்சு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். "குட்டியும் கூட இருந்துது" என்று வாய் தானாகச் சேர்த்துவிட்டது.

ட்ரூடி வயர்லெஸ் கருவியை எடுத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் முகாமே அமளியானது. கூடாரங்கள் சரிந்தன. அம்மாக்கள் பிள்ளைகளைக் காருக்குள் திணித்தார்கள். பாதி வெந்த பீன்ஸ் சட்டியோடு ஒருவர் ஓடினார். யார் சொன்னார்களோ, பார்த்தவர் இவர்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. ஓர் அம்மாள் வெர்லினைக் கட்டிப்பிடித்து அழுதாள்.

"எங்க உசிரைக் காப்பாத்துன தெய்வம் ஐயா நீங்க!"

"அதெல்லாம் வேணாம், விடுங்க, சட்டை கசங்குது."

தாடிக்கார இளைஞன் நாயை ஒரு கையில் பிடித்துக்கொண்டு வந்தான். இன்னொரு கையில் கரடிமேல் அடிக்கிற மிளகாய்ப் புகைக் குப்பி.

"இது உங்களுக்கு, டெக்ஸாஸ் ஐயா. கழுதைமேல வந்திருக்கீங்க, கதவு கிடையாதே. பத்திரமா இருங்க."

வெர்லின் குப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டை இருக்கிறதா என்றுதான். இல்லை. புதுசு.

அவன் கண் கலங்கியிருந்தது. ஒரு கூடாரம் சுருட்டுவதற்கு யாராவது அழுவார்களா? அதைப் பற்றி நின்று யோசிக்க வெர்லினுக்கு நேரமில்லை. அந்த வெள்ளி நிற வண்டி எஞ்சினைக் கிளப்பிவிட்டது.

வயசுக்கு மீறி ஓடினார். வண்டியில் ஏறி, ஆர்டிஸின் நூல்கண்டு உருள, சாவியைத் திருகினார்.

"பெல்ட்டைப் போட்டுக்கோ!"

"ஏன், கரடி துரத்துதா?"

"அந்தப் பஸ்காரன் துரத்தறான்!"

முகாமில் நடைவேகத்தில்தான் போக வேண்டும். வெர்லின் போன வேகத்தில் அலமாரிக் கதவு திறந்து தட்டுகள் விழுந்தன. வளைவில் வெள்ளி வண்டியை உள்பக்கமாக முந்தினார். பக்கக் கண்ணாடி ஒரு கிளையில் பட்டு உடைந்தது. ஆர்டிஸ் ஒரு கையால் ஜன்னல் கம்பியையும் இன்னொரு கையால் காபிச் சட்டியையும் பிடித்துக்கொண்டாள். ஏழாம் எண் கண்ணுக்குத் தெரிந்தது. மலை தெரிந்தது. மலை தலைகீழாகத் தண்ணீரில் தெரிந்தது. ஆர்டிஸ் "அட!" என்றாள். நாள் முழுக்க அவர் கேட்கக் காத்திருந்த சத்தம்.

அடுத்த நொடி வெர்லின் பிரேக்கை மிதித்தார். ஒரு பச்சை லாரி அதே இடத்தில் பின்பக்கமாக நுழைந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் சக்கரம் வைத்த பெரிய இரும்புக் குழாய். ஒரு முனையில் கம்பிக் கதவு, உள்ளே செத்த மான் தொடை. கரடிக் கூண்டு.

ட்ரூடி கையைக் காட்டினாள். "நீங்க சொன்ன இடத்துலயே வெச்சிட்டோம் சார்! ஏரிக்கரை வரிசை முழுக்க மூடியாச்சு. ஆனா உங்களை நாங்க கைவிடமாட்டோம். பின்னால ஒரு நல்ல இடம் ஒதுக்கி வெச்சிருக்கேன்."

அந்த நல்ல இடம் பொதுக் கழிப்பறைக்கும் குப்பைத்தொட்டிக்கும் நடுவில் இருந்தது.

ஆர்டிஸ் வண்டிக் கதவைத் திறந்தாள். எதிரே கழிப்பறைக் கதவு திறந்தது. ஒருவர் பேன்ட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே வந்து அவளுக்கு வணக்கம் சொன்னார். அவளும் சொன்னாள். பிறகு கதவை மெதுவாகச் சாத்தினாள்.

"பரவாயில்ல வெர்ன்," என்றாள். "தண்ணி ஊத்தற சத்தமாவது கேக்குது."

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார். தட்டுச் சில்லுகளைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாதியில் நிறுத்திக்கொண்டாள். வெர்லின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். இனி ஒரே வழிதான். உண்மை. அந்தப் பக்கம் அவர் அதிகம் போனதில்லை.

ட்ரூடி குடில் வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"மேடம், அந்தக் கூண்டை எடுத்துடுங்க. கரடியெல்லாம் இல்ல. நான் பாத்தது மரக்கட்டை."

"குட்டியோட வந்த மரக்கட்டையா?"

"குட்டியும் கட்டைதான்."

ட்ரூடி பரிவோடு அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "பயந்தவங்க எல்லாரும் சாயங்காலம் இப்படித்தான் சொல்வாங்க சார். மனசு மறக்கப் பாக்குது. நீங்க போய்ப் படுங்க. கூண்டு வெச்சா வெச்சதுதான், மேலதிகாரி வந்து பாக்காம எடுக்க முடியாது."

"இடத்தையாவது திறந்துவிடுங்க! என் பொண்டாட்டிக்கு ஏரி பாக்கணும்!"

"எனக்கும் மனசு கேக்கலதான்." அவள் ஒரு பூட்ஸைத் தட்டி மணலைக் கொட்டினாள். "ஆனா என் பரிதாபமெல்லாம் அந்தத் தாடிக்காரப் பையன்மேலதான். நீங்க சொன்னது சரிதான் சார். இடம் பிடிச்சுத்தான் வெச்சிருந்தான். இனி என்ன அபராதம்னு போறப்ப எல்லாத்தையும் சொல்லிட்டான். கட்டிக்கப்போற பொண்ணோட அப்பா அம்மாவுக்காம், அம்மாவுக்கு முழங்கால் முடியாதாம், செவ்வாய்க்கிழமைலேர்ந்து அசையாம உக்காந்திருக்கான். அந்த அப்பன் யாரையும் நம்பமாட்டானாம், படம்கூட எடுக்கவிடமாட்டானாம், இடம் பிடிச்சு வெச்சிருக்குன்னு முன்னாடியே சொன்னா வேணும்னே வேற பக்கம் போயிடுவானாம். அதனால வடக்கு டக்கோட்டாவுலேர்ந்து வர்றேன்னு எவனாவது சொன்னா உடனே எழுந்து இடத்தைக் குடுத்துடணும்னு பொண்ணு சொல்லி அனுப்பியிருக்கா. ஹாகன்னு பேராம். நீங்க வழியில எங்கயாவது பாத்தீங்களா?"

வெர்லின் ஏரிப் பக்கம் பார்த்தார். கூண்டின் இரும்புமேல் சாயங்கால வெயில் பளபளத்தது.

"நான் டெக்ஸாஸ்காரன்," என்றார். "எனக்கு எப்படித் தெரியும்?"

தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு கழிப்பறைப் பக்கம் நடந்தார். செவ்வாய்க்கிழமையிலிருந்து ஒருத்தன் அடுத்தவனுக்காக உட்கார்ந்திருந்தானாம். யாரிடம் கதை விடுகிறார்கள்?