என் அனுபவத்தில் இருந்த சந்து

அன்றைக்கு எனக்கு ஒரே வேலைதான். பூட்டு வாங்க வேண்டும்.

ராயபுரத்தில் என் வீட்டுக்கும் அந்தோணி வீட்டுக்கும் நடுவே ஒரு நாலடிச் சந்து. அதன் கடைசியில் அடிபம்பு. எனக்கு வேறு தண்ணீர் வழி கிடையாது. சந்து தன்னுடையது என்று அந்தோணி வழக்குப் போட்டு ஜெயித்தார். நான் அப்பீல் போட்டேன். அதிலிருந்து இரண்டு பேரும் பேசுவதில்லை.

காலையில் என் வக்கீல் போன் செய்தார். “பதினோரு மணிக்குக் கோர்ட் கமிஷனர் இடத்தைப் பார்க்க வர்றாங்க சார். சந்து உங்க அனுபவத்துல இருக்குன்னு அவங்களுக்குத் தெரியணும்.”

அனுபவம் என்றால் சட்டத்தில் ‘கையில் இருப்பது’. அதெல்லாம் எனக்குத் தெரியும். பழைய புத்தகக் கடைச் சட்டப் புத்தகங்களாகப் படித்து அப்பீல் வரை வந்தவன். பூட்டைப் பற்றி வக்கீல் ஒன்றும் சொல்லவில்லை. அது என் சொந்த மூளை. என் மனைவி இருந்திருந்தால் கடைக்கே போக விட்டிருக்க மாட்டாள்.

பூட்டோடு வந்து பார்த்தால், சந்தின் தகரக் கதவுக்குக் கொண்டி வெளிப்பக்கம். உள்ளே நின்றுகொண்டே பூட்ட முடியுமா என்று ஒரு சந்தேகம். உள்ளே போய்க் கதவைச் சாத்தி, தகரத்தில் இருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டுப் பூட்டை அழுத்தினேன்.

முடிந்தது.

சாவி கடைப் பையில் இருந்தது. பை வெளியே அந்தோணியின் ஸ்கூட்டரில் தொங்கியது. மாட்டியவன் நான்தான்.

பின்பக்க மதிலைப் பார்த்தேன். என் வயதுக்கு அது ஒத்துவராது. பேசுவதில்லை என்பதால் இருமினேன். மூன்றாவது இருமலுக்கு அந்தோணி வந்தார்.

“இன்னா நைனா, உள்ள இன்னா பண்ணிகினு கீற?”

“பூட்டைச் சோதிச்சேன்.”

“சாவி?”

“உங்க ஸ்கூட்டர்ல.”

பையைத் திறந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“தாகம் எடுத்தா சொல்லு. பம்பு உன்னாண்டதான் கீது.”

அந்த நேரம் பார்த்துக் கமிஷனர் வந்துவிட்டார். கையில் டேப்பும் ஃபைலுமாக ஒரு இளம் வக்கீல் அம்மா.

அந்தோணிக்கு வேர்த்தது. கதவோரம் குனிந்து கிசுகிசுத்தார். “பூட்டு உன்னுது. தொறந்து வுட்டா நீ ஓனர்ன்னு அந்தம்மா எழுதும். தொறக்கலேன்னா ஆள அடைச்சி வெச்சேன்னு எழுதும். பேஜாரா பூட்டியே நைனா.”

“அப்பீல் போட்டவர் எங்க?” என்றார் கமிஷனர்.

“உள்ள கீறாரும்மா.”

“நீங்க?”

“எதிர்பார்ட்டி. சாவி என்னாண்ட கீது.”

“பூட்டினது யாரு?”

“நான்தாம்மா,” என்றேன், ஓட்டை வழியாக.

அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, “திறங்க, அளக்கணும்,” என்றார்.

அந்தோணி திறந்தார். வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றி என் கையில் வைத்தார். இன்னொன்றைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“ரெண்டு பேரும் தண்ணி அடிச்சிக்கலாம்,” என்றவர், கமிஷனரைப் பார்த்துவிட்டு, “பம்புலம்மா,” என்றார்.

அறிக்கை வந்தது. ‘அப்பீல்தாரர் சந்தின் உள்ளே இருந்தார். சாவி எதிர்த்தரப்பினரிடம் இருந்தது.’

வக்கீல் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “சார், இப்ப இடம் யார் அனுபவத்துல இருக்கு?”

“எனக்குத்தான் சார் அனுபவம்,” என்றேன்.

போன வாரம் இரண்டு பேரும் சேர்ந்து போய் ராஜி மனுவில் கையெழுத்துப் போட்டோம். ஒரு பூட்டுக்கு இரண்டு சாவி வரும் என்பது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை.