இருநூற்று ஐம்பது கிராம்

"இருநூத்தி எண்பத்தொம்பது" என்றார் எழுத்தர்.

மேஸ்திரி குனிந்து தராசைப் பார்த்தார். கடித உறைகளை எடை போடும் சின்னத் தராசு. அதன்மேல் அவருடைய ட்ரோன் நான்கு கைகளையும் விரித்துக்கொண்டு, மல்லாத்திப் போட்ட நண்டு மாதிரிக் கிடந்தது. அதன் வயிற்றில் நைலான் கயிற்றுச் சுருள்.

"பெட்டியில இருநூத்தி நாப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கே சார்."

"பெட்டியில கயிறும் சேர்த்தா போட்டிருக்கு?"

இருநூற்று ஐம்பதுக்குக் கீழே இருந்தால் ஒரு தாளும் வேண்டாம், ஒரு கிராம் ஏறினாலும் பதிவு வேண்டும், எண் வேண்டும், ஓட்டுகிறவருக்கு உரிமம் வேண்டும் என்று எழுத்தர் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர் போல ஒப்பித்தார்.

கயிறு மேஸ்திரி கட்டியது. செங்கல் வரிசைக்கு நூல் பிடிக்கிற கயிறு, எண்பது அடி. முப்பது வருஷத் தொழிலில் வாளியோ, பலகையோ, ஆளோ, உயரத்துக்குப் போகிற எதையும் அவர் கயிறில்லாமல் அனுப்பியதில்லை. ஒரே ஒரு நாள் தனக்குக் கட்ட மறந்தார். அதன் அடையாளமாக இடது காலுக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது. இனிமேல் சாரம் ஏறுவதில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்தே மனைவி சத்தியம் வாங்கிக்கொண்டாள். அவளும் பத்து வருஷம் கலவைச் சட்டி சுமந்தவள்; சத்தியத்தை லேசில் விடமாட்டாள். ட்ரோன் வந்தது அதற்குப் பிறகுதான்.

இப்போது சலவை ஆலையின் தண்ணீர்த் தொட்டியில் விரிசல். அறுபது அடி உயரம். நாளைக் காலை பத்து மணிக்குள் விரிசலைப் படம் பிடித்துக் காட்டினால் வேலை மேஸ்திரிக்கு. இல்லாவிட்டால் மச்சானுக்கு. மச்சான் குரங்கு மாதிரி ஏறுவான். ஏறி முடித்து வருஷம் முழுக்க அதைச் சொல்லிக்காட்டுவான். மேஸ்திரியின் ஆட்கள் ஆறு பேர் மூன்று வாரமாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். உரிமம் இல்லாமல் பறக்கவிட்டால் மிஷினைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று ஆலை வாட்ச்மேன் பயமுறுத்தியதால்தான் அவர் காலையிலேயே இந்த ட்ரோன் பதிவு அலுவலகத்துக்கு வந்தார்.

வந்ததிலிருந்து உறுத்திக்கொண்டிருந்தது இன்னொன்று. அறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாதபடி சுவரோரமாகத் தள்ளி, ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். சரியாக வேகாத கல். இதையெல்லாம் எந்தச் சூளையில் வாங்குகிறார்களோ.

மேஸ்திரி பையிலிருந்து கத்தியை எடுத்து முடிச்சை அறுத்தார். கயிற்றுச் சுருளைக் குப்பைக் கூடையில் போட்டார். தராசு இருநூற்று நாற்பத்தொன்பது காட்டியது.

"அவ்வளவுதானே சார். கிளம்பட்டுமா?"

கிளம்ப முடியாது என்றார் எழுத்தர். விண்ணப்பம் கணினியில் ஏறிவிட்டது. எண் விழுந்துவிட்டது. எண் விழுந்த மிஷினைத் தகடு ஒட்டாமல் வெளியே விடக்கூடாது. சொல்லிக்கொண்டே அவர் தகட்டை எடுத்து ட்ரோனின் முதுகில் அழுத்தி ஒட்டினார். தகடு மூன்று கிராம்.

இருநூற்று ஐம்பத்திரண்டு.

மேஸ்திரி தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"தகடு இல்லேன்னா தகடு தேவையில்ல. தகடு ஒட்டினதால தகடு தேவை. அப்படித்தானே சார்?"

"கரெக்டாப் புரிஞ்சுக்கிட்டீங்க. நெறைய பேருக்கு இது புரியறதே இல்ல" என்று எழுத்தர் சந்தோஷப்பட்டார்.

எண்ணை ரத்து செய்யலாமாம். ஆனால் அதற்கு மேலதிகாரி கையெழுத்து வேண்டும். அவர் திங்கட்கிழமைதான் வருவார். மேஸ்திரி ட்ரோனைத் திருப்பிப் பார்த்தார். இறக்கைகளைச் சுற்றி நான்கு பிளாஸ்டிக் வளையங்கள். சாரத்தில் தேவையில்லாத கம்பைக் கழற்றுகிற மாதிரி நான்கையும் கழற்றினார். ஒன்று கழற்றும்போதே உடைந்தது. தராசு இருநூற்று நாற்பத்து நான்குக்கு இறங்கியது. அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகச் சிரிப்பு வந்தது.

எழுத்தர் விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த படத்தையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துல வளையம் இருக்கே."

"கழட்டிட்டேன்."

"கயிறும் இருக்கு."

"நீங்க சொல்லித்தானே சார் அறுத்தேன்."

"நான் எடையைத்தான் சொன்னேன். அறுக்கச் சொல்லலையே."

இனி இது மாற்றியமைக்கப்பட்ட இயந்திரமாம். தகுதிச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். வரிசை மூன்று வாரத்துக்கு நிற்கிறது. திரும்ப மாட்டிவிடுகிறேன் என்றார் மேஸ்திரி. மாட்டினால் அது இரண்டாவது மாற்றம், அதற்குத் தனிப் படிவம் என்றார் எழுத்தர். ஐந்து மணி ஆனதும் மேசை இழுப்பறையைப் பூட்டினார், நாளைக்கு விடுமுறை என்றார், போய்விட்டார்.

மேஸ்திரி வெளி நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து இடது முழங்காலைத் தேய்த்தார். யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. விடிந்ததும் ஏறிவிட வேண்டியதுதான். அறுபது அடி. கைபேசி சட்டைப் பையில் இருந்தால் போதும். மனைவிக்குத் தெரியவேண்டாம்.

அவளே கூப்பிட்டாள். எல்லாம் முடிந்துவிட்டது, காலையில் பறக்கவிடப் போகிறேன் என்று மேஸ்திரி கூடுமானவரை குரலில் சந்தோஷத்தை ஏற்றிச் சொன்னார்.



"ஏறப் போறீங்க."

"இல்லடி."

"இப்படி இனிக்க இனிக்கப் பேசினா ஏறப் போறீங்கன்னு அர்த்தம். தாராளமா ஏறுங்க. மிச்சமிருக்கிற காலையும் உடைச்சுக்கிட்டு வாங்க, ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்."

வைத்துவிட்டாள்.

அலுவலகம் பெருக்குகிற அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கையில் விளக்குமாறு. அதன் கட்டு அவிழாமலிருக்கப் புதிதாக ஏதோ சுற்றியிருந்தாள். மேஸ்திரிக்கு அது எங்கேயோ பார்த்த கயிறாகப் பட்டது.

"பூட்டற நேரம் அண்ணே. இன்னும் என்ன?"

கேட்க ஒரு ஆள் கிடைத்ததும் மேஸ்திரி எல்லாவற்றையும் கொட்டினார். தொட்டி, கால், சத்தியம், கயிறு, தகடு, வளையம், மச்சான். அந்த அம்மா "ம்" கொட்டிக்கொண்டே வேகாத செங்கல்லைக் காலால் நகர்த்தினாள். கதவுக்குப் பின்னால் பெருக்குவதற்காக அதைச் சுவரிலிருந்து இழுத்தாள். கதவின் பின்பக்கம், பழுத்துப்போன ஒரு அறிவிப்புத் தாள் ஒட்டியிருந்தது.

பெருக்கிக்கொண்டிருந்தவள் நின்றாள். அந்தத் தாளை ஒரு தரம் பார்த்தாள். மேஸ்திரியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு விளக்குமாற்றில் சுற்றியிருந்த கயிற்றை மெதுவாகப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"கயிறு கட்டிக் கையில பிடிச்சுக்கிட்டு நூறடிக்குள்ள பறக்கவிடுறவங்க யாரும் இந்த ஆபீசுக்கு வரவே வேண்டாம்னு இங்க ஒட்டியிருக்கு. இருந்த கயித்தை எதுக்கு அண்ணே அறுத்தீங்க?"