மரம் உங்களுக்கு, கொடி எங்களுக்கு

நொய்கெல்ன், பேர்லின்
ஐப்பசி மாதம், வியாழக்கிழமை

பெருமதிப்புக்குரிய சம்பந்தியார் திரு. விஜயரத்தினம் அவர்களுக்கு,

தாங்களும் சம்பந்தியம்மாவும் பீலெஃபெல்டில் நலமாக இருக்கிறீர்கள் என்றும், தங்கள் முழங்கால் படியேற ஒத்துழைக்கிறது என்றும் நம்புகிறேன். நாங்களும் நலம். நேற்று மகள் தேனுஜாவும் மருமகன் கீர்த்தனனும் தொலைபேசியில் கதைத்தார்கள், அவர்களும் நலம். எல்லோரும் இவ்வளவு நலமாக இருக்கையில் இப்படியொரு கடிதம் எழுத நேர்ந்ததற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் தாங்கள் பேசுவீர்கள், நான் "ஓம், ஓம்" என்பேன், எதற்கு ஓம் சொன்னேன் என்பது பிறகு அழைப்பிதழில் அச்சாகி வரும். இந்த முறையும் அப்படித்தான் வந்திருக்கிறது.

அழைப்பிதழ் அழகாக இருக்கிறது. மேலே பிள்ளையார், நடுவில் தங்க எழுத்தில் "அமரர் விசுவலிங்கம் மரம், பெயர்சூட்டு விழா", கீழே மண்டபத்தின் முகவரி, மதியபோசனம். அடுத்த சனிக்கிழமை என்று போட்டிருக்கிறீர்கள். நான் கண்டுபிடித்தது சிவப்புக் கொத்தாகக் காய்க்கிற ரோவன் மரம். அழைப்பிதழில் இருப்பது தென்னை. அச்சகத்தில் வேறு மரம் இருக்கவில்லை என்று தாங்கள் சொன்னதாக மருமகன் சொன்னார். ஒரு தாவரவியலாளன் வீட்டு விழாவில் இதையும் நான் பொறுத்துக்கொள்வேன். பொறுக்க முடியாதவை வேறு இருக்கின்றன.

சென்ற வருடம் தங்கள் காரில் அந்தச் சுண்ணாம்புக் குன்றுக்குப் போனோம். தாங்கள் வடைப் பொதியைப் பிரித்த இடத்தில்தான் அந்த மரம் நின்றது. இலையின் அடிப்புறம் வெளுப்பு, பழத்தில் புள்ளி. இது புதிய இனமோ என்று எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் நான் கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்க்கிற மனிதன் என்பது தங்களுக்குத் தெரியும். ஒரு வருடம் முழுவதும் அளந்தேன், பழைய மாதிரிகளோடு ஒப்பிட்டேன், நான் பிழையாகத்தான் இருப்பேன் என்று முடிவுகட்டி மீண்டும் முதலிலிருந்து அளந்தேன். கடைசியில், நான் ஓய்வுபெற்ற பிறகும் போய்வருகிற உலர்தாவரக் காப்பகத்தில் எல்லாரும் பார்த்துவிட்டு, இது புதிய இனந்தான், பெயர் வையுங்கள் என்றார்கள். நான் வீட்டில் இவவுக்கு, என் மனைவிக்கு மட்டும் சொன்னேன். இவ தன் தங்கச்சி சிவமலருக்குச் சொன்னா. சிவமலருக்குச் சொன்னால் பிறகு ஆருக்கும் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

தாங்கள் உடனே என்ன செய்தீர்கள்? மரத்தின் நட்சத்திரம் பார்க்க ஐயரிடம் போனீர்கள். நான் கண்ட நாள் கார்த்திகை நட்சத்திரம், அதற்கு அ, இ, உ, எ என்றுதான் பெயர் தொடங்க வேண்டும், தங்கள் அப்பாவின் பெயர் 'வி'யில் தொடங்குகிறது, 'வி' அடுத்த நாள் ரோகிணிக்கு உரியது என்று ஐயர் சொல்லிவிட்டார். அன்றிரவே தாங்கள் தொலைபேசி எடுத்தீர்கள். "சம்பந்தி, ஒரு நாள் பிந்திக் கண்டதெண்டு எழுதினால் என்ன? மரம் எங்கயும் ஓடிப்போகேல்லைத்தானே." விஞ்ஞானத்தில் அப்படி எழுத ஏலாது என்று நான் விளக்கினேன். தாங்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "என்ர காரில போய்க் கண்ட மரமெல்லோ" என்றீர்கள். அது உண்மை. உண்மைக்கு ஓம் சொன்னேன். நான் ஓம் சொன்னது காருக்கு.

அதன் பிறகு தாங்கள் ஒரு சமாதானம் கொண்டுவந்தீர்கள். இங்கே நொய்கெல்னில் தங்கள் மருமகன் நிசாந்தின் உணவகத்துப் பின்சுவரில், குப்பைத் தொட்டிகளுக்கு மேலே படர்ந்து நிற்கிற ஐவிக் கொடியும் புதிய இனமாக இருக்கலாம் என்று நான் வாய்தவறிச் சொல்லியிருந்தேன். ஆகவே மரம் உங்கள் பக்கத்துக்கு, கொடி எங்கள் பக்கத்துக்கு. பெருந்தன்மையோடுதான் சொன்னீர்கள், நான் சந்தேகப்படவில்லை. ஆனால் அதைச் சிவமலரிடம் சொன்னது என் புத்திக்குறைவு. "மாப்பிள்ளை பகுதி மரமாம், பொம்பிளை பகுதி சுவரில தொங்கிற கொடியாமோ? அத்தான், இதுக்கும் ஓம் எண்டுபோட்டோ வந்தனீங்கள்?" என்று கேட்டா. நான் அவவை ஆற்றுவதற்காக, ஐவி எதையும் உறிஞ்சி வாழ்வதில்லை, பிடிமானத்துக்காக மட்டுமே பற்றிக்கொள்கிறது என்று விளக்கினேன். "அப்ப பிடிமானம் இல்லாத ஆக்களோ நாங்கள்?" என்றா. இரண்டு கிழமையாக எங்களோடு கதைக்கிறதில்லை.

சரி, கொடியையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று பார்த்தால், அதற்கும் விழா வந்துவிட்டது. ஐவி மேற்கொப்புகளில் மட்டுந்தான் பூக்கும், அதுவும் இந்த மாதங்களில்தான். பூ இல்லாமல் நான் எதையும் விவரித்து எழுத ஏலாது. வசந்தம் தொடக்கம் அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து நோ வந்ததுதான் மிச்சம். திங்கட்கிழமை ஏணியோடு போனேன். சுவரின் மேல்பாதி மொட்டையாக நின்றது. நிசாந் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். "அங்கிள், மாவிலை கிடைக்கேல்லை. விழாவுக்குத் தோரணம் கட்ட நான்தான் வெட்டி அனுப்பினனான். பூவுக்குக் குளவி வருதெண்டு பூவெல்லாம் உருவிப்போட்டுத்தான் அனுப்பினது, நீங்கள் யோசிக்காதேங்கோ." பூ எங்கே என்று கேட்டேன். தொட்டியைக் காட்டினார். தொட்டியைக் காலையிலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஏன் நன்றி சொன்னேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. கொடி இனி அடுத்த வருடம் பூத்தால்தான் உண்டு.

இந்த வீட்டில் ஒன்றும் கேட்காத ஒரே ஆள் இவதான். சிவமலர் ஒருநாள், "அக்கா, உன்ர பேரை வைக்கச் சொல்லிக் கேளன்" என்று தூண்டிவிட்டதற்கு, "எனக்கு மரமும் வேண்டாம் கொடியும் வேண்டாம், குளிர்பெட்டியில ஒரு தட்டை மட்டும் காலியாக்கித் தரச்சொல்லு" என்று சொன்னது எனக்குக் கேட்டது. தட்டு முழுவதும் என்னுடைய பழக்கொத்துகள்தான், மறுக்க ஏலாது. காப்பகத்தில் நடாலி என்றொரு பிள்ளை என்னோடு சேர்ந்து இந்தக் கட்டுரையை எழுதுகிறார். நன்றியுரையில் போட வேண்டும், உங்கள் மனைவியின் பெயர் என்ன என்று ஒருநாள் கேட்டார். எனக்கு வாயில் வரவில்லை. நான் "இஞ்சாரும்" என்பேன், இவ "இஞ்சாருங்கோ" என்பா, கலியாணம் கட்டிய நாளிலிருந்து வீட்டில் அதற்குமேல் பெயர் தேவைப்பட்டதில்லை. கடைசியில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை என்னை ஒரு மாதிரிப் பார்த்தது.

ஆகவே, சம்பந்தியார் அவர்களே, என் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விடயத்துக்கு இல்லை என்று எழுதுகிறேன். உங்கள் வீட்டார் பெயரும் இல்லை, எங்கள் வீட்டார் பெயரும் இல்லை. மரத்துக்கு அது நிற்கிற குன்றின் பெயர்தான். நாளை காலை கட்டுரையின் இறுதிப்படியை உறுதிசெய்து அனுப்புவேன், புதன்கிழமை வெளியாகும். வெளியானபின் வைத்தவனே விரும்பினாலும் மாற்ற முடியாது என்பது எங்கள் துறையின் சட்டம். விழாவைத் தயவுசெய்து நிறுத்திவிடுங்கோ. தங்கள் அப்பாவின் மீது எனக்குள்ள மரியாதையில் குறைவில்லை. தோரணத்தில் எங்காவது ஒரு பூ தப்பியிருந்தால் அதைச் செய்தித்தாளில் சுற்றி அனுப்பிவையுங்கோ.

ஊன்ட்றொப் கோயிலில் இருக்கிற அம்பாள் தங்கள் முழங்காலுக்குச் சுகத்தையும், இதை வாசிக்கிற நேரம் மனதுக்குச் சாந்தியையும் தர வேண்டுமென்று மன்றாடுகிறேன். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள்மீது அன்பும் கொஞ்சம் பயமும் உள்ள,
க. சிற்றம்பலம்

பிற்குறிப்பு: வெள்ளி காலை. இறுதிப்படியைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன். தேத்தண்ணி கொண்டுவந்தவ திரையில் மரத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "உது வேண்டாம், மழைக்குள்ள நான் குடை பிடிக்க எடுத்தனீங்களே, அதுதான் இலை வடிவாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டா. அந்தப் படத்தைத் தேடி எடுத்தேன். மூலையில் குடையின் விளிம்பும் அவவின் இரண்டு விரல்களும் தெரிந்தன. படத்தை அப்படியே போட்டேன். குன்றின் பெயரை அழித்தேன். அன்று கடதாசியில் எழுதிக் கொடுத்த பெயரை, மகாதேவி என்று லத்தீன் முறைப்படி எழுதி, மூன்று தரம் சரிபார்த்து அனுப்பிவிட்டேன். நடாலியிடமிருந்து "ஒருவழியாக" என்று ஒரே சொல்லில் பதில் வந்தது. நட்சத்திரம் பொருந்தாது, தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும்கூடப் பொருந்தவில்லை என்றுதான் அப்போதும் சொன்னார்கள்.

இவவுக்கு இன்னும் சொல்லவில்லை. ஆகவே மேலே எழுதியதைத் தயவுசெய்து கணக்கில் எடுக்காதேங்கோ. விழாவை நிறுத்த வேண்டாம், தென்னையும் இருக்கட்டும், கொடி அடுத்த வருடம் பூத்தால் அது தங்கள் அப்பாவுக்குத்தான், சத்தியம். ஒரேயொரு உதவி. சனிக்கிழமை மேடையில் அந்தப் பெயரை ஆராவது வாசிக்க வேண்டும். எனக்கு வாயில் வராது. தங்கள் குரல் பெரிது. தாங்களே வாசித்துவிடுங்கோ, நான் அவவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.